மேல் லயத்துக் கதவுகளைத் தட்டியவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்தில் அண்ணனின் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம், வீட்டில் நான்தான் டீச்சர். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்கும் எனக்கு இதை எழுதி முடிக்க மூன்று மாதம் பிடித்தது. முதலில் எழுதியதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறப்பு, படிப்பு, தொண்டு, மறைவு என்று ஒன்றும் குறையவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதியது இது. படித்து முடித்த பிறகு உங்களில் சிலர் என் முகத்தைப் பார்க்க விரும்பாமல் எழுந்து போகலாம். போனால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணன் பிறந்தது ஹந்தானை மலைச்சரிவில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் அறைகளில் ஒன்றில். கடைசியிலிருந்து நாலாவது காம்பரா எங்களுடையது. அதே காம்பராவில்தான் நானும் பிறந்தேன். அப்பா எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தார். அண்ணன் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வருவதற்கு முன்பே கண்டி டவுனில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்குப் போனார். நல்ல பெறுபேறு வந்தது. அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு மறுநாளும் கடைக்குத்தான் போனார். "ரெண்டு பேரும் படிக்க ஏலாது தங்கச்சி, நீ படி," என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. நானும் எடுக்கவில்லை. எனக்கு வசதியாக இருந்தது, படித்தேன்.

பிறகு ஓட்டோ ஓட்டினார். கண்டி பஸ் நிலையத்துப் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். பிரசவ வலியென்றால், பாம்பு கடித்தது என்றால், கிராம சேவகரிடம் கடிதம் வேண்டுமென்றால், தோட்டத்தில் முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான். அண்ணி வந்த புதிதில், "உங்கண்ணன் எனக்குப் புருசனா, இந்தத் தோட்டத்துக்கா?" என்று என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் பதில் அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை நேராக நிற்கிறது. அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. ஒரு வருடம் மழையில் பின்பக்கத்து மண் இறங்கி எங்கள் அடுப்படிச் சுவரைத் தள்ளியது. அம்மா அப்போது உயிரோடு இருந்தார். சுவர் விழுந்தபோது அவர் கொழுந்து மலையில் நின்றதால் பிழைத்தார். தோட்ட நிர்வாகம் நாலு தகரம் கொடுத்தது. அண்ணன் அந்தத் தகரத்தை வைத்து அடைத்துவிட்டு, மலைமேல் ஏறிப் பார்த்தார். லயத்துக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு நீளமாக ஓடியிருந்தது. இறங்கி வந்தவர் அன்று சாப்பிடவில்லை.

அதன் பிறகு அலைந்தார். எந்தெந்த அரசாங்கக் கந்தோர் படி ஏறினார் என்று எனக்குக் கணக்கில்லை. கடைசியில் கொழும்பிலிருந்து மண்சரிவு பார்க்கிற ஐயாமார் இரண்டு பேர் வந்தார்கள். மலையைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், இங்கே ஆட்கள் இருக்கக்கூடாது என்று எழுதினார்கள். வேறு எங்கே இருப்பது என்று அந்தக் காகிதத்தில் இல்லை. போகும்போது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, பக்கத்தில் சிவப்புக் கோடு கீறி, மழையை அளக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சிவப்புக் கோட்டுக்குத் தண்ணீர் வந்தால் எதையும் யோசிக்காமல் லயத்தை விட்டு இறங்கிவிட வேண்டும்.

அந்தப் போத்தலை வைத்துத்தான் அண்ணன் ஆட்களைச் சேர்த்தார். மேல் லயம், கீழ் லயம், தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அலவத்துகொட ஃபாரூக் நானா, எல்லாரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்குப் பின்னால் தூர்ந்து கிடந்த தண்ணீர்க் கான்களை வெட்டி மழைத்தண்ணீரை ஒதுக்கினார்கள். கீழ்க் கிராமத்து ஆட்கள் மண்வெட்டியோடு ஏறி வந்தார்கள். மேலே தண்ணீர் தேங்கினால் கீழேயும் ஆபத்து என்று அண்ணன்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களுக்குக் கேலிக்குப் பஞ்சமா? "போத்தல் கமிட்டி" என்று பெயர் வைத்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத அண்ணன், போத்தல் கமிட்டித் தலைவர் என்று கலியாண வீடுகளில் அறிமுகம் செய்யப்பட்டார். அவரும் எழுந்து கும்பிடுவார்.

மழை கோட்டைத் தாண்டினால் எங்கே போவது என்று ஒரு கூட்டம் நடந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பாறைமேல் இருக்கும் மாரியம்மன் கோயில் என்று அண்ணன் சொன்னார். தோட்டத்திலேயே உறுதியான இடம் அதுதான், மண்டபமும் பெரியது. கோயில் என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். எத்தனையோ பெண்கள் அங்கே இருந்தோம். மாதத்தில் சில நாட்கள் எங்களில் ஒருத்தியும் அந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டார் பதினாறு நாளும் போக மாட்டார்கள் என்பது ஆண்களுக்கும் தெரியும். ஒருவர் வாயும் திறக்கவில்லை. ஆண்கள் நடுவில் அதை எப்படிச் சொல்வது என்று பெண்கள் இருந்துவிட்டோம். நானும் கை தட்டினேன்.

இனி அந்த நாள்.

மூன்று நாளாக விடாத மழை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். கரண்ட் இல்லை, டெலிபோன் வேலை செய்யவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் போத்தலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. கோடு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே இறக்குவோம் என்றார். கமிட்டி ஆட்களைக் கீழ் லயத்துக்கு அனுப்பினார். அண்ணியையும் பிள்ளைகளையும் கோயிலுக்குப் போகச் சொன்னார். பிறகு என்னிடம் வந்தார்.

டீச்சரான பிறகும் நான் அண்ணன் குடும்பத்தோடு அதே காம்பராவில்தான் இருந்தேன். அன்று மேசையில் பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, மேல் லயத்த நான் பார்க்கிறேன். நீயும் ஒரு நடை கூட வாயேன். முக்கால்வாசி வீட்டுல பொம்பளைக மட்டும்தான் இருக்காங்க."

"இந்தச் சேத்துல என்னால எறங்க ஏலாதுண்ணே. பேப்பரெல்லாம் நனைஞ்சிரும். நீங்க போங்க, நான் இதக் கட்டி வச்சிட்டு நேரா கோயிலுக்கு வந்திர்றேன்."

அண்ணன் மேசையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "சரி, நேரம் எடுக்காத," என்று சொல்லிவிட்டுத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனார்.

இதுதான் நான் விட்டிருந்த விஷயம். சேறு ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால், டவுன் பள்ளிக்கூடத்து டீச்சர் லயத்தில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சத்தம் போடுவது எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. அந்த லயத்தில் பிறந்து, அண்ணனின் படிப்பைச் சாப்பிட்டு டீச்சரானவள் நான். இதைவிட வெட்கமாக எழுத எனக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை.

அண்ணன் ஒவ்வொரு வாசலிலும் நின்று எல்லோரையும் வெளியே எடுத்தார். கடைசிக் காம்பராவில் மகேஸ்வரி இருந்தாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். மகேஸ்வரி வாசல் இஸ்தோப்புக்கு வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு நின்றாள் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு கோயிலுக்கு நடம்மா."

"நீங்க முன்ன போங்கண்ணே. நாங்க பின்னாலயே வாரோம்."

"உடனே வந்திரணும்."

"ஆமாண்ணே, வாரோம்."

அண்ணன் நம்பினார். நடக்க முடியாத ஒரு வயதானவரை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மகேஸ்வரியின் மகள் அன்று காலையில்தான் பெரிய மனுஷி ஆகியிருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாய்மாமனுக்கு முதல் சொல்ல வேண்டும். அவர் வந்து பச்சை ஓலை கட்டிப் பிள்ளை தங்கக் குச்சு போடும்வரை சேதி வெளியே போகக்கூடாது. மாமன் தெல்தெனியவில் இருந்தார். டெலிபோன் இல்லை, பாதையும் அடைபட்டிருந்தது. பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டு போக முடியாது. ஏன் முடியாது என்பதை ஓர் ஆணிடம், அதுவும் மாமனுக்குச் சொல்வதற்கு முன்னால், எப்படிச் சொல்வாள்? அண்ணன் போன பிறகு அவள் ஒரு வழி யோசித்தாள். கொழுந்துக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவம் கொஞ்சம் கீழே தள்ளியிருந்தது. அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தனியே ஓடினாள். மகளை மூலையில் உட்கார வைத்து, நான் வரும்வரை அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்ன சொல் தட்டாத பிள்ளை.

மடுவம் பூட்டியிருந்தது.

அண்ணன் கோயிலில் தலை எண்ணியபோது என்னைத் தவிர இன்னும் இரண்டு குறைந்தது. ஒரு நிமிடம் நிற்காமல் திரும்பி ஏறினார். நான் தாள்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குடை பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தேன். பாதித் தூரத்தில் அண்ணனைக் கண்டேன்.

"மகேஸ்வரி வந்தாளா?"

"நான் பார்க்கலண்ணே."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இடி என்றுதான் நினைத்தேன். அண்ணன் நினைக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு மேலே ஓடினார்.

கடைசி மூன்று காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவப்பு மண் நின்றது. அதில் மற்ற இரண்டில் இருந்தவர்களை அண்ணன் ஏற்கெனவே இறக்கியிருந்தார். மண்ணுக்கு முன்னால் மகேஸ்வரி நின்றாள். அழவில்லை. கைகளால் தோண்டிக்கொண்டிருந்தாள். அண்ணனும் கைகளால் தோண்டினார். கீழ்க் கிராமத்துக்காரர்கள் மண்வெட்டிகளோடு ஓடி வந்தார்கள். நானா தன் கடைப் பையன்களையும் லொறியையும் கொண்டு வந்தார். இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளையை எடுத்தார்கள். சேலையால் மூடித்தான் எடுத்தார்கள். மூடச் சொன்னது மகேஸ்வரி. "ஆம்பளைக பார்க்கக் கூடாது, மாமன் இன்னும் வரல," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைக் கேட்டுத்தான் எங்களுக்கு விஷயமே விளங்கியது.

அண்ணன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

சாவு வீட்டில் அண்ணன் மகேஸ்வரி முன்னால் போய் நின்றார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் அவரைத் திட்டவில்லை. நிமிர்ந்து பார்த்து, "பொம்பளை ஒருத்தி வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேண்ணே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் காது இரண்டும் எரிந்தன. அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. மறந்தும் என் பக்கம் பார்க்காமல் நின்றார். மற்றவர்கள் என்னைப் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி நின்றார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது.

கொழும்பிலிருந்து வந்த மகேஸ்வரியின் புருஷன் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். "வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்க ஏலாதா உங்களுக்கு? வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போறதுக்கு ஒரு கமிட்டியா?" என்றார். அண்ணன் கும்பிட்ட கையோடு நின்றார். அதன் பிறகு வருடக்கணக்காக, கலியாண வீடுகளில், கருமாதிகளில், திருவிழாவில், அவர் காதுபடவே பேசினார்கள். தலை எண்ணுகிற லட்சணம் தெரியாதா என்றார்கள். போத்தல் தலைவர் இருக்க நமக்கென்ன பயம் என்றார்கள். முன்பு கேலியாக இருந்தது இப்போது குத்தலாகிவிட்டது. பேசியவர்களில் சிலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைக் கூப்பிட்டார், நான்தான் போகவில்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் உங்கள் வாய் மூடியிருக்கும். சொல்லவில்லை. அவர் அவமானப்பட்ட ஒவ்வொரு சபையிலும் நான் கதிரையில் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

அண்ணன் கமிட்டியை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். பிள்ளையின் கருமாதி முடிந்த மறுநாள் கோயில் நிர்வாகத்தாரிடம் போனார். மழைக்கு ஓடி வருகிறவர்களிடம் தீட்டுப் பார்க்கக்கூடாது என்று கேட்டார். அவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அதெல்லாம் ஆகம விஷயம், பெரியவர்களிடம் கலந்து பேச வேண்டும் என்றார்கள்.

"நீங்க பேசி முடிக்கங்காட்டி மலை நிக்குமா ஐயா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நேராகச் சந்திக்குப் போனார். ஃபாரூக் நானாவின் கடைக்கு மேல்மாடியில் சரக்குச் சாக்குகள் அடுக்கியிருந்தன. அண்ணன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"இதக் கேக்கவும் வேணுமா மகன்?" என்றார் நானா. "சாக்கெல்லாம் கீழ எறக்கித் தாறன். மேல பொம்புளயள் மட்டும் இருக்கட்டும். எங்கட வீட்டுப் பொம்புளயளும் வந்து கூட இருப்பாங்க. சாவி ஒண்டு ஒங்கட கையில கெடக்கட்டும், என்னையத் தேடிக்கொண்டு நிக்க வேணாம்."

கோயில் நிர்வாகம் இரண்டு வருடம் கழித்து வெளி மண்டபத்தை மட்டும் திறந்துவிடச் சம்மதித்தது. அதற்குள் மேல் லயத்துப் பெண்கள் நானாவின் மாடியில் ஐந்தாறு மழையைப் பார்த்துவிட்டார்கள்.

கதவு தட்டப் போகும் ஒவ்வோர் ஆணோடும் ஒரு பெண் போக வேண்டும் என்று அண்ணன் புது ஒழுங்கு வைத்தார். பெண்கள் கிடைக்கவில்லை. அடுப்பு, பிள்ளை, மலை வேலை, புருஷன் விட மாட்டார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். என்னிடம் அண்ணன் மறுபடி கேட்கவில்லை. கேட்காததுதான் என்னைக் கொன்றது. நானாகப் போய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

ஒரு வருடத்துக்குப் பின் மகேஸ்வரி வந்து எங்கள் இஸ்தோப்பில் நின்றாள்.

"நான் போறேண்ணே. பொம்பளைககிட்ட நான் கேட்கிறேன்."

அண்ணிதான் அவளை உள்ளே கூட்டிப் போனார்.

அன்றிலிருந்து மழை கனத்தால் மகேஸ்வரி கிளம்பிவிடுவாள். அண்ணன் முற்றத்தில் நிற்பார், அவள் கதவுக்குள் தலையை நீட்டுவாள். "வீட்டுக்குத் தூரமா இருந்தாலும் சரி, பிள்ள பெரிய மனுசி ஆயிருந்தாலும் சரி, எங்கிட்ட மறைக்காதீங்க. கோயில் வேணாம், நானா கடைக்குப் போவோம். மாமனுக்கு நான் சொல்லிக்கிறேன்." ஒவ்வொரு வீட்டிலும் இதையே சொல்வாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது ஒன்றும் ஆச்சரியமில்லை. மழையென்றால் ஈரத்தோடு திரிவார். வெயிலென்றால் கந்தோர்களுக்கு அலைவார். லயத்து ஆட்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடு தருவதாகச் சொல்லி ஒரு நாள் அடிக்கல் நட்டார்கள். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். அந்தக் கல்லைச் சுற்றி இப்போது மாடு மேய்கிறது. அண்ணன் அந்தக் கல்லைப் பார்க்கப் போவதை நிறுத்திய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் நம்பிக்கை இழந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசி இரண்டு கிழமை கண்டியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும், "போத்தல்ல எதுவரைக்கும் நிக்கிது?" என்றுதான் கேட்பார். மூச்சு வாங்கும், ஆனாலும் கேட்பார். மகேஸ்வரி தினமும் டெலிபோன் எடுத்து அளவு சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் கண்ணை மூடுவார். ஒரு பின்னேரம் அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் நான் அழுதுவிட்டேன். "எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிர்றேண்ணே," என்றேன்.

அண்ணன் தலையை ஆட்டினார். "வேணாம் தங்கச்சி. பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறவ நீ. ஒன்னைய ஒருத்தர் ஒரு சொல்லுச் சொல்லிறக் கூடாது. எனக்குப் பழகிப் போச்சு."

இரண்டு நாள் கழித்து, விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த நேரத்தில், போய்விட்டார். அவர் சொல்லை நான் மீறிய இரண்டாவது இடம் இந்தக் கட்டுரை.

அண்ணனின் இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாடையைச் சேற்றுப் பாதையில் ஒரு தடவையும் சரியவிடாமல் கொண்டு போன கீழ்க் கிராமத்துச் சகோதரர்களுக்கு நன்றி. மூன்று நாளும் கடையை மூடிவிட்டு வந்து நின்ற ஃபாரூக் நானாவுக்கு நன்றி. அண்ணனின் ஓட்டோ நண்பர்களுக்கும், எங்களோடு அழுத இரண்டு லயத்தாருக்கும் நன்றி. என்றாலும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போகிற நிலைமையில் நாங்கள் இல்லை. கமிட்டியில் இப்போது மிஞ்சியிருப்பது நாலு பேர். இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். வெடிப்பு முன்பைவிட அகலமாக இருக்கிறது. புது வீடு இல்லை. மலைக்கு அடியில்தான் இருக்கிறோம், அடுத்த மழைக்கும் அங்கேதான் இருப்போம். உங்களில் ஏலுமானவர்கள் வந்து நின்றால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

கடைசியாக மகேஸ்வரிக்கு. இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டுமென்று கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். இப்போது அவள் கீழ் லயத்தில் இருக்கிறாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். அண்ணன் என்னைக் கூப்பிட்ட இடம் வந்ததும் வேகத்தைக் கூட்டினேன். எப்படியோ படித்து முடித்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சுளகை ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது.

"அவர் கூப்பிட்டது எனக்குத் தெரியாது டீச்சர். நீங்க வீட்டுல இருந்தது தெரியும்," என்றாள். "மடுவத்துக்கு ஓடயில உங்க ஜன்னலத் தாண்டித்தானே போனேன். நீங்க பேப்பரெல்லாம் பையில போட்டுக் கட்டிக்கிட்டு இருந்தீங்க. டீச்சர்கிட்ட சொல்லலாம், பொம்பளைதானேன்னு வாசல் வரைக்கும் வந்தேன். வேலையா இருக்காங்க, என்ன நினைப்பாங்களோன்னு திரும்பிட்டேன்."

அவள் வாசலுக்கு வந்ததே எனக்குத் தெரியாது. தலை நிமிர்ந்து ஒரு தடவை வெளியே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கொப்பியை மறுபடி திறந்து, "இதையும் எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல." பிறகு யோசித்துவிட்டுச் சொன்னாள். "அண்ணனுக்குப் படம் போட்டு மலர் அடிக்கிறீங்க. எம்பிள்ளைக்கு அப்படி ஒண்ணும் செய்யல. படமெல்லாம் மண்ணோட போயிருச்சு. நீங்களும் முழுசா வாசிச்சுட்டீங்க, மகேஸ்வரி மகள், மகேஸ்வரி மகள்னுதான் இருக்கு. அவ பேரப் போடுவீங்களா டீச்சர்?"

அவள் பெயர் திலகவதி. வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்பில் படித்தாள். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருந்தாள்.